சிறுத்தையிடம் சொன்ன வார்த்தை

"அதுகிட்டப் போய் ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றார் பூங்காக் காவலர் இருதயராஜ்.

கூண்டுகளில் மொழிபெயர்ப்புக் கருவி வந்த பிறகு, நாம் பேசுவது விலங்குகளுக்கும் புரிந்தது. சிறுத்தையின் புள்ளிகளை அரை மணி நேரம் ரசித்த இளவேனில், கிளம்பும்போது பழக்கத்தில் "போயிட்டு வரேன் செல்லம்" என்றுவிட்டாள்.

"வரேன்னா நம்பிடும்மா. போன தடவ ஒருத்தர் இப்படிச் சொல்லிட்டுப் போயி, நாலு நாள் சாப்பிடாம வாசலையே பாத்துட்டுக் கெடந்துச்சு. 'போறேன்'னு மாத்திச் சொல்லுங்க."

மறுநாள் அவள் நார்வேக்கு வேலைக்குப் போகிறாள். திரும்புவாளா, அவளுக்கே தெரியாது. ஆனாலும் "போறேன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கம்பியருகே குனிந்தாள். "நான் வர லேட்டாகும். காத்திருக்காத, நீ சாப்பிட்டுடு."

சிறுத்தை எழுந்து இறைச்சித் தட்டுக்குப் போனது.

இதைப் பொய்னு சொல்லுவீங்களா, நீங்க?