கடைசி ரீல்

“கடைசி ரீலை மாத்துங்க ஷாமண்ணா. கதாநாயகி விஷம் குடிச்சுச் செத்துப் போகட்டும்” என்றார் ஹூப்ளி விநியோகஸ்தர் ஈரப்பா, ஷாமண்ணா வீட்டு அரிசிமாவு அக்கி ரொட்டியை மென்றுகொண்டே.

“முடியாது. புருஷன் கதவைத் திறக்கிறான், அவ உள்ளே வர்றா, படம் முடியுது.”

“இன்னொருத்தனோட ஓடிப்போனவளுக்கா? எங்க ஊர்ப் பொம்பளைங்க திரையையே கிழிச்சிடுவாங்க! இப்படி ஒரு புருஷனை எந்த ஊர்லய்யா பாத்தீங்க?”

“எல்லாம் கற்பனைதான்” என்றார் ஷாமண்ணா அவசரமாக. ஈரப்பா வாங்காவிட்டால் தான் எடுத்த படம் பெட்டியிலேயே கிடக்கும். ஆனாலும் அந்த முடிவை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

சட்னியோடு வந்தாள் அவர் மனைவி கமலாட்சி. ஈரப்பா அவளையும் பேச்சில் இழுத்தார். “நீயே சொல்லு தங்கச்சி. உன்னை மாதிரி குடும்பப் பொண்ணுங்க இதை ஒத்துக்குவாங்களா? எந்தப் புருஷனாவது திறப்பானா?”

“கமலா, நீ உள்ளே போ” என்றார் ஷாமண்ணா.

அவள் போகவில்லை. நிதானமாகச் சட்னியைப் பரிமாறினாள்.

“இவர் திறந்தாரே அண்ணா, ஒன்பது வருஷம் முன்னாடி நான் திரும்பி வந்தப்போ. ‘சாப்பிட்டியா’ன்னு மட்டும்தான் கேட்டார்.”

ஈரப்பா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு ஷாமண்ணா பக்கம் திரும்பி அதட்டினார்.

“இவ்வளவு நல்ல வசனத்தை ஏன்யா படத்துல வைக்கலே? அதைச் சேத்துட்டு எனக்குப் பெட்டியை அனுப்புங்க.”