மூன்றாவது தூண்

"இன்னைக்கும் சுத்துவழியாவே போ. அந்தப் புதுப் பாலத்துல மட்டும் ஏறாத."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்த மனைவி பாதியில் நிறுத்திவிட்டுக் கணவரை முறைத்தாள். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவள் அவள். எட்டரைக்குள் போய்ச் சேராவிட்டால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும்.

"பாலம் திறந்து பத்து நாளாச்சு. ஊரே போகுது, வருது. நான் மட்டும் முக்கால் மணி நேரம் சுத்திக்கிட்டுக் கிடக்கேன். அப்படி என்னதாங்க இருக்கு அந்தப் பாலத்துல?"

"ஒண்ணுமே இல்ல. அதான் பயம்."

"புரியற மாதிரி பேசுங்க."

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். எதிர்வீட்டு வாசலில் ஆளுங்கட்சிக் கொடி கட்டிய கார் ஒன்று நின்றிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"பழைய பாலம் நல்லாத்தானே இருந்துச்சு? இன்னும் முப்பது வருஷத்துக்கு அசைஞ்சிருக்காது. கல்வெட்டுல எதிர்க்கட்சிக்காரர் பேர் இருந்துச்சு, அதனால இடிச்சாங்க. தேர்தலுக்குள்ள திறந்தாகணும்னு ஒன்பதே மாசத்துல இதைத் தூக்கி நிறுத்தினாங்க. அந்தக் கரையில ஒரு அலங்கார வளைவு, இந்தக் கரையில ஒரு வளைவு, தலைவருக்கு இருபதடியில ஒரு சிலை, அதைச் சுத்திக் கலர் லைட்டு. தூணுக்குள்ள போக வேண்டிய கம்பியெல்லாம் வளைவுக்குப் போயிடுச்சு."

"சரி, இவங்க போய் அவங்க வந்தா மட்டும் என்ன ஆகப்போகுது?"

"அவங்க வந்து இதை இடிச்சிட்டு இன்னொண்ணு கட்டுவாங்க. ஆத்துல கொட்டுறதுக்குன்னே நம்ம வரிப்பணம் இருக்கே!"

"உங்க இலாகா கட்டின பாலம்தானே இது?"

"இலாகா எங்க கட்டுச்சு? கட்சி கட்டுச்சு."

சட்டைப் பொத்தானை அவர் மாற்றிப் போட்டிருந்தார். அவள் கிட்டே வந்து கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"பத்து நாளா நீங்க தூங்கறதே இல்ல. விடிஞ்சதும் வண்டியை எடுத்துக்கிட்டு எங்கயோ போயிட்டு வரீங்க. அங்கதானா?"

அவர் தலையசைத்தார்.

"மூணாவது தூண்ல ஒரு விரிசல். முதல் நாள் மயிரிழை மாதிரி இருந்துச்சு. நேத்து மழை விட்டப்புறம் போனேன், நகம் நுழைஞ்சுது. இன்னைக்குக் காலைல..." ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். "இது உள்ள போகுது."

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"அப்ப மேலிடத்துக்கு எழுதிக் கொடுங்க! வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா எப்படி?"

"போன தடவை எழுதிக் கொடுத்தவனை எங்க தூக்கியடிச்சாங்கன்னு தெரியும்ல? மூணு வருஷமாச்சு. இன்னும் பொண்டாட்டி பிள்ளைங்களோட சேர்ந்து இருக்க முடியல அவனால. இவங்க பொல்லாதவங்க. நான் வாயைத் திறந்தா நம்ம குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்."

"அதுக்காக, ஊர்ல இருக்கிற அத்தனை பேரும்..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"ஸ்கூல் பஸ்ஸுங்க... இன்னையிலேருந்து புதுப் பாலம் வழியாத்தான் போகுமாம். நேத்து மெசேஜ் வந்துச்சு. நீங்க சத்தம் போடுவீங்கன்னு நான்தான் சொல்லல."

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை பஸ் ஏற்றிவிட்டுக் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் செருப்புகூடப் போடவில்லை. வண்டியைக் கிளப்பியபடியே டிரைவருக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சிக்னலில் நிற்கவில்லை. யாரோ திட்டியது காதில் விழவில்லை. இன்னும் நாலு தெருவில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், அதுவரை நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார்.

ஆறு பழுப்பு நிறத்தில் தூண்களை முட்டிக்கொண்டு ஓடியது. முனைக்கடையைத் தாண்டி மஞ்சள் பஸ் வளைவை நோக்கித் திரும்புவது தெரிந்தது. அதை முந்திப் போய், வளைவுக்கு நேர் கீழே வண்டியைக் குறுக்கே போட்டார்.

பிரேக் அலறியது. உள்ளே பிள்ளைகள் வீரிட்டார்கள். ஒரு கை இடைவெளியில் பஸ் நின்றது.

"அப்பா!" மூன்றாவது ஜன்னலில் மகளின் முகம்.

டிரைவர் குதித்து இறங்கினான். "என்ன சார் இது? உசுரு போயிருக்கும்!"

"திருப்புப்பா. வண்டியைத் திருப்பு. பாலம் தாங்காது."

பின்னால் ஹாரன்கள் வரிசையாக அலறின. கொடி கட்டிய ஜீப் ஒன்றிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள்.

"எவன்டா அவன், பாலம் தாங்காதுங்கறவன்? அந்தக் கட்சிக்காரனா?"

அவர்களில் ஒருவன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரமா நகருங்க சார்" என்றான் டிரைவர், கொஞ்சம் இரக்கத்தோடு. "யாரோ எதையோ கிளப்பிவிட்டா நம்பிடறதா? பெரிய என்ஜினியர் ஒருத்தர் ஒவ்வொரு தூணா சோதிச்சுப் பாத்து, பத்திரமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு. பேப்பர்லயே வந்துச்சு. அந்த ஆளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும்ப்பா" என்றார் அவர். "தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."