உள்ளூர் விலை

"ஒரே பொடிமீன் வறுவல். எனக்கு ஒன்பது யூரோ, அந்த ஆளுக்கு நாலு யூரோ. இது என்ன நியாயம்?"

காலின் எழுந்து நின்று கத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதுவரை அவன் மனைவி கத்ரினிடம் ஜெர்மனில்தான் பேசிக்கொண்டிருந்தான். மேசைக்கு வந்த படம் போட்ட மெனு கார்டில் விரலால் தொட்டுக் காட்டி ஆர்டர் கொடுத்திருந்தான். திடீரென்று அவன் வாயிலிருந்து பல்கேரிய மொழி, அதுவும் இந்தப் புர்காஸ் துறைமுகத்துப் பேச்சு கொட்டவும், கடைக்காரி சோன்கா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எதுக்குய்யா இப்படிச் சத்தம் போடறீங்க?"

"போடாம? அவருக்கு ஒரு கார்டு, எனக்கு ஒரு கார்டு. வெளியூர்க்காரன்னா தலையில மொளகா அரைச்சிடுவீங்களா?"

"நான் எதையும் ஒளிக்கல. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு விலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கொள்ளைக்கு இப்படி ஒரு பேரா?"

"கொள்ளைன்னே வெச்சுக்கங்க. கோடையில மூணு மாசம் உங்களை மாதிரி ஆளுங்க வருவீங்க, போவீங்க. மிச்ச ஒன்பது மாசமும் இந்த ஊர் கிழங்கட்டைங்கதான் என் கடைக்கு வருதுங்க. பென்ஷன் வந்தா பாதி மருந்துக்கு, பாதி விறகுக்கு. அவங்ககிட்டப் போய் ஒன்பது யூரோ கேக்கச் சொல்றீங்களா?"

"திருடறதுல தருமம் வேறயா!"

காலின் போனை எடுத்தான். பக்கத்து மேசையிலிருந்த மெனு கார்டை எடுத்துத் தன் கார்டோடு சேர்த்து வைத்துப் படம் பிடித்தான்.

"இன்னிக்கே இன்டர்நெட்ல போடறேன். நாளைக்கு உன் கடை இருக்குதான்னு பாக்கலாம்."

அந்த மேசையிலிருந்த மீனவர் ஸ்தாமோ ஒரு மீனை வாலோடு மென்றபடியே சொன்னார்:

"உக்காருப்பா, ஜெர்மன்காரா. அஞ்சு யூரோவுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்கற? ஊருக்குப் போறதுக்குள்ள செத்துகித்து வைக்காதே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். காலினுக்குச் சுருக்கென்றது.

"யாருய்யா ஜெர்மன்காரன்? நான் இதே பேட்டையில பொறந்தவன். கிரேன் ஓட்டின மின்ச்சோவோட பையன்!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சோன்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த மின்ச்சோ? பின்னாடி தெரு, நாலாவது மாடியா?"

"ஆமா. அந்த வீட்டை வித்துட்டுத்தான் வர்றேன். காலையில கையெழுத்துப் போட்டாச்சு."

அவள் அவன் கையிலிருந்த பில்லைப் பிடுங்கினாள். இரண்டாகக் கிழித்தாள்.

"ஐயோ தம்பி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

காலின் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்தான். "பாத்தியா? வாயைத் திறந்து கேக்கணும்" என்றான் மனைவியிடம், ஜெர்மனில்.

சோன்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கிளாஸில் ரக்கியா சாராயம் ஊற்றினாள். தன் கிளாஸிலிருந்து, இறந்துபோன மின்ச்சோவுக்காக, இரண்டு சொட்டைத் தரையில் விட்டாள்.

"நாலு வருஷம் தம்பி. தினமும் மத்தியானம் உங்கப்பா இங்கதான். எந்நேரமும் உன் பேச்சுதான். 'மாசம் பொறந்தா டாண்ணு பணம் அனுப்பிடறான் சோன்கா, வேணாம்னாலும் கேக்க மாட்டேங்கறான்'னு பெருமை தாங்காது."

வாய்க்குப் போன காலினின் கிளாஸ் பாதியில் நின்றது.

அந்த நாலு வருடத்தில் அவன் அப்பாவுக்கு அனுப்பியது ஒரே ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டை. அதுவும் கத்ரின் ஞாபகப்படுத்தியதால்.

"இங்க... என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டான்.

"ஒரு கிண்ணம் குடல் சூப்பு. ரெண்டு துண்டு ரொட்டி. நான் காசு கேட்டதில்ல. ஆனா அவர் சும்மா எந்திரிச்சுப் போகவும் மாட்டார். உள்ள வந்து அத்தனை பாத்திரத்தையும் கழுவி வெச்சுட்டுத்தான் போவார். 'பையன் பணத்தைப் பேரப்பிள்ளைக்குன்னு பேங்க்ல போட்டிருக்கேன், தொட மாட்டேன்'னு சொல்வார். பிப்ரவரியில காய்ச்சலோட வந்து, பச்சைத் தண்ணியில கையை விட்டுக்கிட்டு நின்னார். திட்டினேன். 'சும்மா இருந்தா கை மரத்துப் போகுது சோன்கா'ன்னார். அதுதான் கடைசி."

காலின் கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

"மூணு நாளா ஆளைக் காணோமேன்னு ஸ்தாமோதான் போய்க் கதவை உடைச்சார். உனக்கு லீவு கிடைச்சிருக்காது, பாவம். நாங்களே அடக்கம் பண்ணிட்டோம். சாவுக்குச் செய்யற முறைப்படி கோதுமை வேக வெச்சு எல்லாருக்கும் கொடுத்தோம். ஒரு குறையும் வைக்கல."

சொல்லிவிட்டு அவள் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"இப்படி ஒரு பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? உன்கிட்டப் போய் நான் காசு வாங்குவேனா?"

ஸ்தாமோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். காலினின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சுக்கப்பா. உன்னை மாதிரி பிள்ளைங்க இப்பல்லாம் ஏது?"

அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ள காலினுக்குத் தெரியவில்லை.

பாஷை புரியாத கத்ரின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். புருஷனின் முகம் வெளுத்திருப்பதைக் கண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன ஆச்சு? அந்தம்மா என்ன சொல்றாங்க?"

காலின் அவள் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல சாப்பாடு ரொம்ப மலிவுன்னு சொல்றாங்க."