நாலு ஓட்டை

அழகன் சுவெட்டரையும் பெனியனையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினான். இன்றைக்கு இது ஆறாவது தடவை.

நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி விலாவோடு வளைந்து போகிற வெட்டு. பார்க்க வந்த, தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்குகிற சோலைமலை கங்காணி உச்சுக் கொட்டினார்.

"ஈரல மாத்துறதுன்னா சும்மாவா கங்காணி?" என்றான் அழகன், அவர் கொண்டுவந்த திராட்சையை மென்றுகொண்டே. கொட்டையைத் தரையில் துப்பினான்.

சண்முகவடிவு முகத்தைச் சுளித்தாள். புருஷனின் தழும்பைப் பார்த்து அல்ல, அதை அவன் தடவிக்கொடுக்கிற விதத்தைப் பார்த்து. கொழும்புக்குப் போய் வாங்கி வந்த சாமான் மாதிரி.

தேத்தண்ணி கொடுக்கக் குனிந்தபோது வலது பக்கம் சுளீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கங்காணி கவனித்துவிட்டார்.

"வடிவுக்கு என்ன?"

இதுவரை வந்த யாரும் அவளைப் பற்றிக் கேட்டதில்லை.

"அவளுக்கு ஒண்ணுமில்லங்க" என்றான் அழகன். "என் கூட ஆஸ்பத்திரில இருந்தப்ப, பிள்ள நிப்பாட்டுற ஒப்பரேசன பண்ணிக்கிட்டா. நாலே நாலு சின்ன ஓட்டை."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அதுக்கு ஒரு கெழம போதுமே" என்றார் கங்காணி. " நாளைக்கு மலைக்கு வந்துரும்மா. கொழுந்து முத்திக் கெடக்கு."

மூன்று மாதத்துக்குப் பாரமே தூக்கக் கூடாது என்று பெரிய டொக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். ஒப்பரேசனுக்கு முன்னால், வயிற்றைக் கிழித்துச் செய்தாலும் ஓட்டை போட்டுச் செய்தாலும் வெளியே தழும்புதான் வேறு, உள்ளே வெட்டுவது ஒன்றுதான் என்று தமிழ் நேர்ஸ் விளக்கினாள். அழகன் விடவில்லை. ஓட்டை போட்டே செய்யுங்க, அவளுக்குத் தழும்பு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நேர்ஸ் கண் கலங்கினாள். சண்முகவடிவும் நம்பித் தொலைத்தாள்.

"ஆமா, ஒனக்கு வச்சது யாரோட ஈரலாம்?" என்று கேட்டார் கங்காணி.

அழகன் இன்னொரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டான்.

"கொழும்புல யாரோ பெரிய ஆளாம்ங்க. எக்சிடன்டுல செத்துட்டாராம்."

அவள் பக்கம் திரும்பாமலே சுவெட்டரை இறக்கிவிட்டான்.

ஓட்டை எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சீ, இதுவும் ஒரு ஜென்மமா. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

துப்பவில்லை. கங்காணியின் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு மலைக்கு வர முடியாதுங்க கங்காணி" என்றாள். "அந்தச் செத்துப்போன ஆளு நாந்தான்."