விரல் நுழையாத கயிறு

"அந்தக் கண்ணாடியை இன்னும் எத்தனை தடவைங்க பாப்பீங்க? பஸ்சு போயிறப் போகுது."

அமராவதி வாசலில் நின்று அவசரப்படுத்தினாள். அவள் கணவர் ஆவுடையப்பன் சுவர்க் கண்ணாடியை விட்டு நகரவில்லை. முகம் மட்டும் தெரிகிற சின்னக் கண்ணாடி அது. அதில் தெரிந்த முகம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

திருமயத்தில் கடலை மண்டி ஆவுடையப்பன் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அவருடைய தொப்பைதான். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று புதுக்கோட்டை டாக்டரிடம் போனார். உடம்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நெய்யும் பலகாரமும் நின்றன. சோற்றுக்குப் பதில் கேப்பைக் களி வந்தது. விடியற்காலையில் கோட்டையைச் சுற்றி நடை வேறு. உடம்பும் குறைந்தது. ஆனால் குறைய வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் குறைந்ததுதான் கொடுமை.

கன்னம் ஒட்டிப்போயிற்று. கழுத்துத் தோல் தொங்கியது. மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்ற வேண்டியதாயிற்று. "மொதலாளி, மொகத்தை எங்கிட்டு வச்சுட்டு வந்தீங்க?" என்று மண்டியில் மூட்டை தூக்கும் மூக்கனே கேட்டுவிட்டான்.

வயிறு குறைந்ததா என்று வேட்டி சொல்லாது. எந்த இடுப்பானாலும் அதற்குச் சரிதான். அதனால் ஆவுடையப்பன் அரைஞாண் கயிற்றை நம்பினார். தினமும் காலையில், யாரும் பார்க்காத நேரத்தில், கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்ப்பார். நுழையாது. வெள்ளிக்கிழமை வாக்கில் நகம் மட்டும் உள்ளே போகும். அப்பாடா என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பழையபடி கடிக்கும்.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அமராவதிதான் முதுகு தேய்த்துவிடுவாள். அவர் சீயக்காய்க்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளித்த பசிக்கு ஒரு கவளம் கூடுதலாக இறங்கும். அந்தக் கவளம்தான் வேலையைக் கெடுக்கிறது என்று சனிக்கிழமைக் களியையும் பாதியாக்கினார். கயிறு மசியவில்லை.

அவருடைய அப்பா இப்படித்தான் போனார். கை கால் ஈர்க்குச்சியாகி வயிறு மட்டும் பானையாக நின்றபோது, மகோதரம் என்று சொல்லி வைத்தியர் கையை விரித்துவிட்டார். அந்த ஞாபகம் வந்த நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குத் தூக்கமில்லை.

மறுபடியும் டாக்டரைப் பார்க்க ஏறிய புதுக்கோட்டை பஸ் நமணசமுத்திரத்தைத் தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தார்.

"அமராவதி, எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, மண்டியை ஒன் தம்பிகிட்ட விட்டுறாதே. கடலையை வறுத்துத் தின்னே தீத்துருவான்."

"வாயைக் கழுவுங்க. வயிறு நல்லாத்தான் வத்தியிருக்கு. நான் பாக்குறேன்ல?"

"என்னையத் தேத்துறதுக்குச் சொல்றே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்திலும் ஏதோ பயம் இருந்தது. இவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் ஆவுடையப்பன்.

டாக்டர் சமஸ்தானக் காலத்திலிருந்தே கீழ ராஜ வீதியில் வைத்தியம் பார்ப்பவர். ஆவுடையப்பனைப் படுக்க வைத்து, வயிற்றைத் தட்டி, புரளச் சொல்லி, மறுபடியும் தட்டினார்.

"தண்ணியும் கோக்கலை, கட்டியும் இல்லை. மகோதரமாவது ஒண்ணாவது! ஒடம்பு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி வத்தாதுய்யா. மொதல்ல மூஞ்சி, அப்புறம் கை, கடைசியாத்தான் தொப்பை. ஒமக்கு அதுவும் கரைய ஆரம்பிச்சாச்சு."

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். வேட்டியைச் சற்றுத் தளர்த்திக் கயிற்றைக் காட்டினார்.

"அப்படின்னா இது என்னங்கய்யா? தெனமும் விரலை விட்டுப் பாக்குறேன். ஒரு நூல்கூட எறங்கலை. கயிறு பொய் சொல்லுமா? எங்கப்பனுக்கும் இப்படித்தான்..."

டாக்டர் தன் விரலை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. அவருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

"ஆமா, சதையைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மொதல்ல இதை நறுக்கி விட்டுருவோம்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயா, அறுத்துறாதீங்க!"

கதவோரம் நின்ற அமராவதி ஓடி வந்தாள். "நானே அவுத்து விடுறேன். முடிஞ்சவளுக்கு அவுக்கத் தெரியாதா?"

"நீ முடிஞ்சியா?" என்றார் ஆவுடையப்பன்.

அவள் அவருடைய முதுகுப்பக்கம் குனிந்து, பழைய முடிச்சை மட்டும் விட்டுவிட்டு, அங்கே கொத்தாகக் கிடந்த மற்ற முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடைசி முடிச்சு விட்டதும் கயிறு தொளதொளவென்று இடுப்பில் தொங்கியது. ஆவுடையப்பன் விரலை நுழைத்தார். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. இத்தனை நாள் பயமும் அவருக்குச் சிரிப்பாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

அமராவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க மெலிய மெலிய இது நழுவி நழுவி எறங்குச்சுங்க. பொணத்து இடுப்புலேருந்துதானே அருணாக்கயித்தை எடுப்பாங்க? உசுரோட இருக்கையில அது கழண்டு விழலாமா? சொன்னா நீங்க பயந்துருவீங்கன்னு, சனிக்கெழமை சனிக்கெழமை நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருக்கையில, நாந்தேன் சத்தமில்லாம இழுத்து இழுத்து முடிஞ்சு விட்டேன்!"