நீலம் ஏறாதவை

ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டி தாமதமாகத்தான் ஆய்வகத்துக்கு வந்தது. உள்ளே, காலையில் ஒரு சிறுமியின் தொண்டையிலிருந்து எடுத்த டான்சில். பெற்றோர் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் ஸ்டெல்லா போனில் சொன்னாள்: "தபித்தாக்கா, பாப்பா ஒரே அழுகை. என் டான்சில் செத்துப்போயிடுமான்னு கேக்குறா. உங்ககிட்ட உயிரோட இருக்கும்னு சொல்லிட்டேன்."

"நல்லா மாட்டிவிட்டே, போ." தபித்தாள் போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

ஏழு வயதில் தபித்தாளுக்கும் எடுத்தார்கள். அது எங்கே போனதென்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஊட்டிய சேமியா ஐஸ் வாயில் கரையும்போது, அது எங்கே தனியாகக் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டாள். வெகுநாள் ஜெபத்தில் அப்பா, அம்மா, தம்பிக்குப் பிறகு அதற்காகவும் வேண்டினாள்.

சதையை நறுக்கி, வலைமேல் வைத்து மெல்லத் தேய்த்தாள். நோயை எதிர்க்கும் செல்கள் பால்போல் கலங்கிக் கீழே இறங்கின. சுழற்றிப் பிரித்தெடுத்து, ஒரு துளியில் நீலச் சாயம் சேர்த்தாள். செத்த செல்லுக்குள் நீலம் ஏறிவிடும். உயிருள்ளது ஏற விடாது. ஒரு நொடி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அங்கங்கே சில நீலப் புள்ளிகள். மற்றவையெல்லாம் வெளிச்சமாக மின்னின.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "ஸ்டெல்லா, உயிரோட இருக்குன்னு பாப்பாகிட்ட சொல்லு."

மறுமுனையில் கரகரத்த முணுமுணுப்பு. பிறகு ஸ்டெல்லாவின் சிரிப்பு. "அதுக்கும் ஐஸ் குடுத்தீங்களான்னு கேக்குறா."

தபித்தாள் பெட்டியைப் பார்த்தாள். ஐஸ் பாதி கரைந்திருந்தது. நாக்கில் சேமியா இனித்தது.

"வர்ற வழியெல்லாம் சாப்பிட்டுக்கிட்டேதான் வந்துச்சுன்னு சொல்லு."