நூற்றுப் பன்னிரண்டாவது பெண்

அந்தப் பெண் கூரையின் விளிம்புக்கு வந்தாள். கீழே ஒரு முறை பார்த்தாள், குதித்துவிட்டாள். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூடப் பதறவில்லை.

பதறியது ஒரே ஒரு ஆள்தான், அதுவும் சந்தோஷத்தில். "இவதான்! இவளேதான்!" என்று நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள் சல்லடை. பிளைவுட் கூரையிலிருந்து மெத்தையில் விழுந்த பெண், எழுந்து நின்று ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தத் திமிரைத்தான் சல்லடை எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

சீரியலுக்கு நடிகர்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். லேசில் யாரையும் தேர்ந்தெடுக்கமாட்டாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். இப்போது எடுக்கப்போவது, பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றும் சூப்பர் ஹீரோயின் கதை. செட் போட்டாயிற்று, உடுப்பு தைத்தாயிற்று, அதைப் போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இந்தப் பெண் நூற்றுப் பன்னிரண்டாவது.

"அஞ்சு மணி வரைக்கும்தான் மேடம் டைம்" என்றார் பக்கத்தில் இருந்த சேனல்காரர். "அதுக்கு மேல எங்க ஆளையே போட்டுடுவோம். நீங்க வேற சீரியல் பாத்துக்கலாம்."

அவர் சொன்ன ஆள், நடனப் போட்டியில் ஜெயித்த ஒரு பெண். கோபப்படச் சொன்னாலும் சிரிப்பாள், அழச் சொன்னாலும் சிரிப்பாள். அவள் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுவதை நினைத்துப் பார்க்கவே சல்லடைக்குப் பிடிக்கவில்லை.

மணி நாலே கால். சல்லடை அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைப் புரட்டினாள். படிப்பு என்ற இடத்தில் 'கால்நடை மருத்துவம், முதல் வருடம்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே வேறு கையெழுத்தில் 'நிறுத்திவிடுவாள்' என்று இருந்தது. மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் வேறெதற்கும் போகக் கூடாது என்பதெல்லாம் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லதாகப் போயிற்று என்று தாளை மூடினாள்.

"இப்ப வசனம். கதவுகிட்ட வில்லன் நிக்கறான். உள்ள பத்துக் குழந்தைங்க. ஆரம்பிம்மா."

பெண் நிமிர்ந்தாள். "என்னைத் தாண்டி..." அவ்வளவுதான். எச்சில் விழுங்கினாள். வலது கை காதோரம் போயிற்று. "மறந்துடுச்சு மேடம்."

"பரவால்ல, இன்னொரு டேக் போலாம்."

"என்னைத் தாண்டி..." எச்சில். காதோரம் கை. "மறந்துடுச்சு மேடம்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மாவின் உதடுகள், 'என்னைத் தாண்டித்தான் நீ இந்தக் கதவைத் தொடணும்' என்று சத்தமில்லாமல் சொல்லி முடித்தன. "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கடகடன்னு சொல்லுவா மேடம்! நாலு வயசுலேர்ந்து நான் சொல்லிக் குடுத்துட்டு வரேன்!"

மூன்றாவது முறைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, விளக்கைக் குறைத்து, வேடிக்கை பார்த்தவர்களையெல்லாம் வெளியே விரட்டினாள் சல்லடை. பலனில்லை. நாலாவது முறைக்கு வசனத்தையே சுருக்கினாள். "என்னைத் தாண்டிப் போ பாக்கலாம். நாலே வார்த்தைம்மா, எனக்காகச் சொல்லேன்."

அளந்து வைத்த மாதிரி அதே இடத்தில் நின்றது. அதே எச்சில், அதே காது. என் தலையெழுத்து என்று சல்லடை கண்ணை மூடிக்கொண்டாள்.

"குரலை வேற யாரையாவது பேச வெச்சுக்கலாமே சார்?"

"வாய் அசையணுமே மேடம்? தினம் ஒரு எபிசோடு முடிக்கணும். ஒரு வரிக்கே நாலு டேக்னா விடிஞ்சுடும்." சேனல்காரர் அவளுடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போனை எடுத்தார். அந்தப் பக்கம் சேதி போன உடனேயே ஒரு சிரிப்புச் சத்தம் சல்லடை நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

எட்டு மாத உழைப்பு அந்தச் சிரிப்போடு முடிந்தது. கண் முன்னால் தங்கம் மாதிரி ஒரு பெண் நிற்கிறாள், கையைப் பிசைவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

வராந்தாவில் அந்த அம்மா சல்லடையின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "நாளைக்கு ஒரே ஒரு சான்ஸ் மேடம். இவளுக்காக நான் வேலையையே விட்டேன்."

"என் கையில ஒண்ணுமே இல்லம்மா. இப்ப எனக்கே வேலை இல்ல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரும்போது கொடுத்திருந்த போட்டோக்களை வாங்கி வர வராந்தாவின் கோடிக்குத் தளர்ந்து நடந்தாள். இனி அந்தப் பெண்ணுக்குத்தான் ஆறுதல் சொல்ல வேண்டும்.

"உன் மேல தப்பில்லம்மா. சிலருக்குக் கேமராவைப் பாத்தா அப்படித்தான் நாக்கு ஒட்டிக்கும். இதையே நெனச்சு வீட்ல அழுதுட்டு இருக்காத, என்ன?"

பெண், கோடியில் திரும்பி நின்ற அம்மாவின் முதுகை ஒரு முறை பார்த்தாள். பிறகு சல்லடையின் காதருகே குனிந்தாள்.

"அம்மா நம்பிட்டாங்கள்ல மேடம்?"